கிலோமீட்டர் கணக்கு செல்லாத சாலை: சிலியின் தென்கோடி வழி, ஒரு நிகழ்வு ஆய்வு

சிலி நாட்டின் புவேர்த்தோ மொன்ட் துறைமுக நகரில் தொடங்கி, வில்லா ஓஹிகின்ஸ் என்ற சிற்றூரில் முடியும் 7ஆம் எண் சாலையின் நீளம் சுமார் 1,240 கிலோமீட்டர். கரேத்தேரா ஆஸ்திரால், அதாவது தெற்குச் சாலை, என்று பெயர். வரைபடத்தை மட்டும் பார்ப்பவர் மூன்று நாளில் ஓட்டிவிடலாம் என்றுதான் நினைப்பார். அப்படித் திட்டம் போட்டால் முதல் நாளே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். வழியில் வண்டி நான்கு முறை படகேற வேண்டும். படகு அதன் நேரத்துக்குத்தான் கிளம்பும். காற்று பலமாக அடித்தால் அன்றைக்குக் கிளம்பவே கிளம்பாது.

இந்தச் சாலையைப் பற்றி எழுதுகிறவர்கள் அழகைப் பற்றியே எழுதித் தள்ளுகிறார்கள். அழகில் குறையொன்றும் இல்லை. எனக்கு ஆர்வம் வேறிடத்தில். நாட்டின் தென்பகுதியைத் தரைவழியாகவே இணைத்துவிடுவது என்று ஒரு ராணுவ அரசு 1976இல் பிடிவாதமாகத் தொடங்கிய வேலை இது. அரை நூற்றாண்டாகியும் அது படகை நம்பித்தான் ஓடுகிறது. இதைத் தோல்வி என்று எழுதிவிடலாமா? வழிநெடுக நடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. அதிகம் அறுபட்டது தரைப்பகுதி. அறுபட்டபோதெல்லாம் ஆட்களையும் சரக்கையும் சுமந்தது தண்ணீர். பயணம் போகிறவருக்கும் சரி, திட்டம் போடும் அரசுக்கும் சரி, இது மனதில் பதிந்தால் பாதித் தலைவலி மிச்சம்.

நிலம்

ஆண்டிஸ் மலைத்தொடர் இங்கே நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. பனியுகத்தில் பனியாறுகள் மலையைக் குடைந்து, பள்ளத்தாக்குகளைக் கடல் மட்டத்துக்கும் கீழே ஆழப்படுத்தின. பனி விலகியதும் கடல் உள்ளே புகுந்தது. இருபுறமும் செங்குத்தான பாறை, நடுவே பல நூறு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர்: இதுதான் ஃபியோர்டு. கரை என்று ஒன்று இருந்தால்தானே அதன் ஓரமாகச் சாலை போட முடியும்?

பனியுகத்தின் மிச்சம் இரண்டு பெரிய பனிப்புலங்களாக மலைமேல் இன்னும் கிடக்கிறது. வடக்குப் பனிப்புலம் ஏறக்குறைய 4,000 சதுர கிலோமீட்டர். தெற்குப் பனிப்புலம் 12,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அண்டார்டிகாவை விட்டுவிட்டால் தென் அரைக்கோளத்தில் இவ்வளவு பனி வேறெங்கும் இல்லை. பசிபிக்கிலிருந்து வரும் மேற்குக் காற்று ஆண்டு முழுவதும் ஈரத்தை அள்ளிவந்து இந்த மலையில் கொட்டுகிறது. மேற்குப் பக்கத்தில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை என்பது சர்வசாதாரணம். அதே மலையைத் தாண்டிக் கிழக்கே போனால் ஹெனரல் கரேரா ஏரிக்கரையில் சிலே சிக்கோ என்ற ஊர். அங்கே வெயில் அடிக்கிறது, செர்ரி விளைகிறது. ஒரே நாள் பயணத்தில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

சாலைக்கு முன்னால்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தச் சாலையின் பெரும்பகுதி இன்று ஓடும் ஆய்சேன் பகுதியில் குடியேறிய சிலி நாட்டவர் பலர் அர்ஜென்டினா வழியாகச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். சொந்த நாட்டுக்குள் நேர்வழி கிடையாது. மாட்டே பானம், குதிரை, செம்மறி மந்தை என்று அவர்களுடைய அன்றாட வாழ்க்கையில் இன்றும் அர்ஜென்டினச் சமவெளியின் வாடை அடிப்பது அதனால்தான்.

வந்தவர்கள் மேய்ச்சல் நிலத்துக்காகக் காட்டுக்குத் தீ வைத்தார்கள். நிலத்தை வெட்டவெளியாக்கினால்தான் பட்டா என்பது அரசின் நிபந்தனை. 1930களிலும் 40களிலுமாக எரிந்த காடு சுமார் 30 லட்சம் ஹெக்டேர் என்று கணக்கிடப்படுகிறது. வேர்ப்பிடிப்பு போன மண் மழையில் கரைந்து ஆற்றில் இறங்கி, புவேர்த்தோ ஆய்சேன் துறைமுகத்தையே தூர்த்துவிட்டது. கப்பல் உள்ளே வர ஆழமில்லாமல் போய், துறையை ஃபியோர்டின் ஆழமான பகுதியில் உள்ள சக்கபூக்கோவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. தரையில் செய்த காரியம் தண்ணீரில் போய் முடிந்ததற்கு இந்தப் பகுதியில் இதுவே முதல் பெரிய பாடம். மரங்கள் கருகிக் குறுக்கும் நெடுக்குமாக விழுந்து கிடக்கும் சரிவுகளைச் சாலையிலிருந்து இன்றும் பார்க்கலாம். பலர் அதை இயற்கைக் காட்சி என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்!

சாலை வேலை 1976இல் ராணுவ ஆட்சியாளர் பினோச்சேயின் காலத்தில் தொடங்கியது. ஆய்சேனின் தனிமையைப் போக்குவது என்று காரணம் சொன்னாலும், அர்ஜென்டினா பற்றிய பயமும் அதில் கலந்திருந்தது. கண்டத்தின் தென்முனையில் உள்ள பீகிள் கால்வாய்த் தீவுகளுக்காக இரண்டு நாடுகளும் 1978 டிசம்பரில் போரின் விளிம்பு வரை போனது வரலாறு. ராணுவத்தின் பணிப்படையைச் சேர்ந்த 10,000க்கும் மேற்பட்ட வீரர்கள் இந்தச் சாலையில் உழைத்தார்கள். பாறையை வெடிவைத்துத் தகர்த்துக்கொண்டு மீட்டர் மீட்டராக முன்னேறிய வேலை. பலர் உயிரையும் விட்டார்கள். 1988இல் பெரும்பகுதி திறக்கப்பட்டது. வில்லா ஓஹிகின்ஸை எட்ட 2000 ஆயிற்று. கலேதா தோர்தெல் ஊருக்குக் கிளைச்சாலை வந்தது 2003இல்தான்.

வடக்கே மூன்று படகுகள்

புவேர்த்தோ மொன்டை விட்டு ஒரு மணி நேரம் ஓட்டினால் கலேதா லா அரேனா. அங்கேயே சாலை தண்ணீரில் முடிந்துவிடுகிறது. ரெலோன்கவி கழிமுகத்தைத் தாண்டி எதிர்க்கரையில் புவெல்சே வரை அரை மணி நேரப் படகு. இது எளிய சங்கதி. வரிசையில் நின்று ஏறிக்கொள்ளலாம்.

அடுத்தது அப்படியல்ல. ஓர்னோபிரேன் என்ற ஊரிலிருந்து கிளம்பும் படகு, கோமாவு ஃபியோர்டு வழியாகச் சுமார் மூன்றரை மணி நேரம் போய் லெப்தெபூவில் இறக்கிவிடுகிறது. இறங்கிய வண்டிகள் எல்லாம் ஊர்வலமாக 10 கிலோமீட்டர் மண்பாதையில் போய், தீபகற்பத்தின் மறுபக்கத்தில் ஃபியோர்தோ லார்கோ என்ற இடத்தில் காத்திருக்கும் இன்னொரு படகில் ஏறுகின்றன. அது முக்கால் மணி நேரத்தில் கலேதா கொன்சாலோவில் விடுகிறது. இடையில் கடையும் இல்லை, ஊரும் இல்லை. இரண்டு படகுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். ஜனவரி, பிப்ரவரியில் வாரக்கணக்கில் முன்பே எடுத்து வைக்காவிட்டால் இடம் கிடைக்காது. கிடைக்காதவர்கள் அர்ஜென்டினா வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார்கள், அல்லது புவேர்த்தோ மொன்டிலிருந்து சைத்தேன் ஊருக்கு நேராகப் போகும் பெரிய கப்பலைப் பிடிக்கிறார்கள்.

கோமாவு ஃபியோர்டைப் பொறுத்தவரை, தூங்கிக்கொண்டு போக வேண்டிய படகுப் பயணம் இல்லை இது. உலகின் மற்ற பகுதிகளில் ஆழ்கடலில் மட்டும் வாழும் குளிர்நீர்ப் பவளங்கள் இங்கே முக்குளிப்பவர்கள் எட்டும் ஆழத்திலேயே வளர்கின்றன. கரையிலுள்ள ஊய்னாய் ஆய்வு நிலையம் அவற்றைத்தான் ஆராய்ந்துவந்தது. மழை ஓயாத இந்தச் சரிவுகளிலிருந்து இறங்கும் நன்னீர், உப்புநீரின் மேல் ஒரு தனி அடுக்காக மிதக்கிறது.

இந்த இடைவெளியைச் சாலையாக்கும் பேச்சு பல ஆண்டுகளாக உண்டு. அந்தப் பேச்சில் அடிபட்ட பெயர் டக்ளஸ் டொம்ப்கின்ஸ். மலையேற்றச் சாமான்கள் விற்கும் தி நார்த் ஃபேஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அமெரிக்கர். 1990களில் இந்தப் பகுதியில் காட்டைக் காட்டாகவே விட்டுவைப்பதற்காக லட்சக்கணக்கான ஏக்கர் வாங்கினார். அவருடைய நிலம் கடலிலிருந்து அர்ஜென்டின எல்லை வரை நீண்டு நாட்டை இரண்டாக வெட்டியது போல் இருந்ததால், சிலி அரசியலில் அவர் மீது சந்தேகம் கிளம்பியது. அணுக்கழிவைக் கொட்டப் போகிறார் என்பது வரை வதந்தி ஓடியது. 2015 டிசம்பர் 8 அன்று ஹெனரல் கரேரா ஏரியில் அவருடைய கயாக் கவிழ்ந்து, குளிர்ந்த நீரில் உடல் விறைத்து இறந்துபோனார். அந்த நிலத்தை அவர் மனைவி கிறிஸ்டின் சிலி அரசிடம் தேசியப் பூங்காவாக ஒப்படைத்தார். 2018 ஜனவரியில் அதிபர் மிச்செல் பச்செலே கையெழுத்திட்டார். நாட்டைப் பிடுங்க வந்தவர் என்று சொல்லப்பட்டவரின் பெயர் இன்று அந்தப் பூங்காவின் பெயரிலேயே இருக்கிறது: புமலின் டக்ளஸ் டொம்ப்கின்ஸ் தேசியப் பூங்கா.

இந்தப் படகுப் பகுதியைச் சாலையாக்கினால் லாரிக்காரர்களுக்கு லாபம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சரிவுகளில் போடும் சாலை எத்தனை நாள் நிற்கும் என்று கேட்க வேண்டும். கொஞ்சம் தெற்கே நடந்த இரண்டு நிகழ்வுகள் அதற்குப் பதில் சொல்கின்றன.

சைத்தேன், 2008

கலேதா கொன்சாலோவிலிருந்து சைத்தேன் 60 கிலோமீட்டருக்குள். சுமார் 4,000 பேர் வாழ்ந்த ஊர். 10 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எரிமலையை உள்ளூரில் யாரும் பெரிதாக எண்ணியதில்லை. 9,000 ஆண்டுகளுக்கு மேலாக உறங்குவதாகத்தான் அன்றைய கணிப்பு. அதைக் கண்காணிக்க அருகில் கருவிகூட வைக்கப்படவில்லை. 2008 மே மாதத் தொடக்கத்தில் ஒருநாள் நிலம் நடுங்கியது. அடுத்த நாள், மே 2 அன்று, மலை வெடித்தது. (சில நூற்றாண்டுகளுக்கு முன்பும் அது வெடித்திருக்கிறது என்பது பிற்பாடு நடந்த ஆய்வுகளில்தான் தெரிந்தது.)

ஊரைக் காலி செய்தது கடல் வழியாக. கடற்படைக் கப்பல்களும் வாகனப் படகுகளும் சில நாட்களுக்குள் மக்களை புவேர்த்தோ மொன்டுக்கும் சிலோயே தீவுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஊரைத் தின்றது எரிமலைக் குழம்பில்லை, சாம்பலும் மழையும். சரிவெல்லாம் படிந்த சாம்பலை அடுத்த சில நாட்களில் மழை கழுவி இறக்க, ரியோ பிளாங்கோ ஆற்றின் படுகை மேடாகிவிட்டது. ஆறு புதுவழி தேடி நடு ஊரைப் பிளந்துகொண்டு ஓடியது. வீடுகள் சேற்றில் ஜன்னல் வரை புதைந்தன, சில கடலுக்கே போய்விட்டன.

அரசு ஊரைக் கைவிட முடிவு செய்தது. மின்சாரம், குடிநீர் இரண்டையும் நிறுத்தி, வடக்கே சாண்டா பார்பராவில் புது ஊர் கட்டுவதாக அறிவித்தது. சில குடும்பங்கள் கேட்கவில்லை. ஜெனரேட்டரும் மழைநீரும் வைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் அரசுதான் இறங்கிவந்தது. ஊரின் வடபாதியை மீண்டும் வாழுமிடமாக ஏற்றுச் சேவைகளைத் திரும்பக் கொடுத்தது. அந்தக் குடும்பங்களின் பிடிவாதத்தை வீரம் என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. ஆற்றின் ஓரத்தில் அதே ஆபத்து இன்னும் இருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனால் அவர்கள் பக்கம் ஒரு நியாயம் உண்டு: துறை இருந்த இடம் இதுதான். துறையில்லாத இடத்தில் கட்டிய ஊரை இந்தப் பகுதியில் யார் நம்புவார்கள்?

வில்லா சாண்டா லூசியா, 2017

சைத்தேனிலிருந்து தெற்கே 75 கிலோமீட்டர் வாக்கில், ஃபுதாலெஃபூ ஊருக்குச் சாலை பிரியும் இடத்தில் இருக்கும் சின்னக் குடியிருப்பு இது. 2017 டிசம்பர் 16 காலை, கனமழைக்குப் பிறகு, ஊருக்கு மேலே பனியாறு சுருங்கிப்போயிருந்த ஒரு மலைச்சரிவு இடிந்தது. விழுந்த பாறை, பனி, மழைநீர், வழியிலிருந்த சதுப்பு மண், மரம் எல்லாம் சேர்ந்து சேற்று வெள்ளமாகப் பள்ளத்தாக்கில் இறங்கி ஊரின் பாதியை மூடிவிட்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அந்த நாளில் வழக்கத்தைவிட உயரத்திலும் வெப்பம் கூடுதலாக இருந்தது. மேலே பனியாக விழ வேண்டியது மழையாக விழுந்தது. பனியாறு ஒரு பள்ளத்தாக்கை நிரப்பியிருக்கும்போது அதன் இருபக்கச் சுவருக்கும் முட்டுக் கொடுத்து நிற்கிறது. அது உருகிப் பின்வாங்கினால் முட்டு போய்விடும். பிறகு ஒரு பெருமழை போதும்.

சாலை துண்டிக்கப்பட்டதும் ஆய்சேனுக்கும் வடக்குக்கும் இடையே சிலி நாட்டுக்குள் தரைவழி இல்லாமல் போயிற்று. வண்டிகள் அர்ஜென்டினா வழியாகச் சுற்றின. அரசு துண்டிப்பைத் தாண்டிச் செல்லப் படகுகளை விட்டது. 1976க்கு முன் எப்படியோ, 2017இலும் அப்படியே. நாற்பது வருடச் சாலைக்கு மாற்று என்ன என்று தேடும்போது கையில் அகப்பட்டவை அதே பழைய இரண்டு வழிகள்தான்.

நடுப்பகுதி, வேகமாக

இதற்கப்புறம் கொய்யாய்கே வரை ஓட்டம் எளிது. பெரும்பகுதி நல்ல சாலை. 1935இல் ஜெர்மன் குடியேறிகள் அமைத்த புயுவாபி ஊர், கெவுலாட் தேசியப் பூங்காவில் பாறை விளிம்பிலிருந்து அருவியாகக் கொட்டும் தொங்கு பனியாறு, கொண்டை ஊசி வளைவுகளாக ஏறும் கெவுலாட் கணவாய் எல்லாம் இங்கேதான். தொங்கு பனியாற்றைப் பார்க்க மேகம் விலக வேண்டும். ஒரு நாளை உதிரியாக வைத்துக்கொள்ளாதவர்கள் வெள்ளை மூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

கொய்யாய்கே இந்தப் பகுதியின் தலைநகர். 2012 பிப்ரவரியில் எரிபொருள் விலை, மருத்துவ வசதி, மீன்பிடி உரிமை என்று கோரிக்கைகளை வைத்து ஆய்சேன் மக்கள் சாலைகளையும் பாலங்களையும் வாரக்கணக்கில் மறித்தார்கள். ஒரே ஒரு சாலை உள்ள இடத்தில் மறியல் செய்வது மிகச் சுலபம். பயணிகள் பலர் அப்போதுதான் இதைத் தெரிந்துகொண்டார்கள்.

கொய்யாய்கேயைத் தாண்டி செரோ கஸ்தியோ வரைக்கும்தான் கெட்டிச் சாலையை நம்பலாம். பிறகு சரளை. வரிவரியாகக் குலுக்கும், இரண்டு ஸ்டெப்னி இருந்தால் நல்லது. வழியில் மொட்டை மரங்கள் நிற்கும் சாம்பல் காடு ஒன்று வரும். 1991 ஆகஸ்டில் ஹட்சன் எரிமலை வெடித்ததன் அடையாளம் அது.

சான் ரஃபாயேல்: பனியாற்றின் முகத்துக்கு

ஹெனரல் கரேரா ஏரிக்கரையில் புவேர்த்தோ ரியோ திராங்கிலோ என்ற ஊர். பளிங்குக் குகைகளுக்குப் படகு கிளம்பும் இடம் என்று எல்லோருக்கும் தெரியும். என்னைக் கேட்டால், ஊருக்கு மேற்கே எக்ஸ்ப்ளோரதோரெஸ் பள்ளத்தாக்கில் போகும் கிளைச்சாலைதான் இந்த ஊரின் உண்மையான சொத்து. 80 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான அந்தச் சாலை, வறண்ட ஏரிக்கரையில் தொடங்கி மழைக்காட்டுக்குள் நுழைந்து கடலின் கையில் போய் முடிகிறது. அங்கிருந்து வேகப் படகில் சுமார் இரண்டு மணி நேரத்தில் சான் ரஃபாயேல் கழி. இந்தச் சாலை வருவதற்கு முன் சக்கபூக்கோவிலிருந்து கப்பலில் ஒரு நாள் முழுக்கச் செலவழித்துத்தான் அங்கே போக முடியும். சாலையும் படகும் ஒன்றுக்கொன்று கை கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இந்த வழியில் இல்லை.

சான் ரஃபாயேல் பனியாறு, கடல்நீரைத் தொடும் பனியாறுகளிலேயே நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பது. 46 பாகைத் தெற்கு. பிரான்சின் நடுப்பகுதி வடக்கே எவ்வளவு தூரமோ, இது தெற்கே அவ்வளவு தூரம்தான். அங்கே திராட்சை விளைகிறது. இங்கே பனி உடைந்து கடலில் விழுகிறது. மலைமேல் கொட்டும் பனிப்பொழிவு அவ்வளவு அதிகம். பனியாற்றின் முகப்புப் பகுதி ஆண்டுக்கு 7 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் கீழே ஓடிவருகிறது. இவ்வளவு வேகமாக வந்தும் முகப்பு பின்வாங்கிக்கொண்டே இருக்கிறது, ஏனென்றால் வருவதைவிட உடைவது அதிகம். சிலி கடற்படையின் என்ரிக்கே சிம்ப்சன் 1871இல் இங்கே வந்தபோது பனியாறு கழிக்குள் சுமார் 8 கிலோமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. இன்று மலையின் இடுக்குக்குள் ஒதுங்கிவிட்டது.

இந்தக் கழிக்குத் தெற்கே ஓஃப்கி என்ற குறுகிய நிலத்துண்டு இருக்கிறது. அதை வெட்டிக் கால்வாய் ஆக்கிவிட்டால் கப்பல்கள் பேனாஸ் வளைகுடாவின் முரட்டுத் திறந்த கடலுக்குப் போகாமல் உள்வழியாகவே தெற்கே போகலாம். 1937இல் வேலை தொடங்கியது. பணமில்லாமல் 1943இல் நின்றது. அதன் பின் சாலை வேலை. அதுவும் தெற்கே பனிப்புலத்தில் முட்டி நின்றது.

எக்ஸ்ப்ளோரதோரெஸ் பனியாறு, முன்சொன்ன அந்தக் கிளைச்சாலையின் ஓரம். வழிகாட்டிகள் காலில் இரும்பு முள் மாட்டிவிட்டு ஆட்களைப் பனிமேல் நடத்திக் கூட்டிப்போவது பல ஆண்டுகளாக நடந்தது. 2023இல் அதன் முகப்பில் பெரும்பகுதி உடைந்து ஏரியில் விழுந்ததை அடுத்து, சிலியின் வனத்துறையான கோனாஃப் பனிநடையை அந்த நவம்பரில் காலவரையின்றி நிறுத்தியது. வழிகாட்டிகள் எதிர்த்தார்கள், ஊரில் பலருக்குப் பிழைப்பே அதுதான். அவர்களுடைய கோபம் புரிகிறது. ஆனாலும் உருகி ஏரியாகிக்கொண்டிருக்கும் பனிமேல் சுற்றுலாக்காரரை ஏற்றுவதை நிறுத்தியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பனியாற்றைத் தூரத்தில் படகிலிருந்து பார்ப்பது எப்போதுமே பாதுகாப்பான வழி. அதிலும் முகப்பிலிருந்து பல நூறு மீட்டர் விலகித்தான் நல்ல படகோட்டி எஞ்சினைக் குறைப்பார். பனிச்சுவர் சரிந்தால் எழும் அலை சின்னப் படகைக் கவிழ்க்கப் போதும்.

பின்னோக்கி ஓடிய பேக்கர்

நீரளவில் சிலியின் மிகப் பெரிய ஆறு பேக்கர். பெர்ட்ராண்ட் ஏரியிலிருந்து நீலப்பச்சையாகப் புறப்பட்டு, சாலையோடு சேர்ந்தே தெற்கே ஓடி, தோர்தெல் அருகே கடலில் கலக்கிறது. 2008 ஏப்ரலில், சைத்தேன் வெடிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், இந்த ஆறு திடீரென்று பொங்கியது. மழையும் இல்லை, பனி உருகும் பருவமும் இல்லை.

காரணம் மேலே, வடக்குப் பனிப்புலத்தின் ஓரத்தில். கச்சேத் 2 என்ற ஏரிக்கு அணையாக நின்றது கொலோனியா பனியாறு. பனி மெலிந்ததால் ஏரிநீர் பனியாற்றின் அடியில் சுமார் 8 கிலோமீட்டருக்குச் சுரங்கம் போட்டுக்கொண்டு ஓரிரு நாளுக்குள் வடிந்துவிட்டது. வந்த தண்ணீர் ஏறக்குறைய 20 கோடி கன மீட்டர். கொலோனியா ஆறு பேக்கரில் சேரும் இடத்தில், வெள்ளத்தின் வேகம் தாங்காமல் பேக்கர் கொஞ்ச தூரம் மேல்நோக்கியே ஓடியது. கரையோரப் பண்ணைகளில் கால்நடைகள் போயின.

ஒருமுறையோடு நிற்கவில்லை. சுரங்கம் மூடிக்கொள்ளும், ஏரி நிரம்பும், மறுபடி திறக்கும். அடுத்த ஆண்டுகளில் இது இருபது முறைக்கு மேல் நடந்திருக்கிறது. அதே பள்ளத்தாக்கில் 1960கள் வரை ஆர்கோ என்ற வேறோர் ஏரியிலிருந்து இப்படி வெள்ளம் வந்ததை முதியவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். இப்போது ஏரியில் நீர்மட்டக் கருவி வைத்து, கீழே உள்ளவர்களுக்கு முன்னெச்சரிக்கை கொடுக்கிறார்கள்.

இந்த ஆற்றில்தான் ஹிட்ரோஆய்சேன் திட்டம் வந்தது: பேக்கரிலும் பாஸ்குவா என்ற இன்னோர் ஆற்றிலும் சேர்த்து ஐந்து அணைகள், 2,750 மெகாவாட். 2011 மே மாதம் ஒப்புதல் கிடைத்ததும் நாடு முழுக்கத் தெருவில் இறங்கியது. 2014 ஜூனில் அமைச்சர்கள் குழு அதை நிராகரித்தது. எதிர்ப்பு பெரும்பாலும் இயற்கையைக் காக்கும் பேச்சாக இருந்தது. அப்படிப்பட்ட ஆற்றின் குறுக்கே அணை கட்டுவது பொறியியலாகவும் சூதாட்டம் என்ற வாதத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கலாம்.

தோர்தெல், ஹோர்ஹே மொன்ட், அப்புறம் சாலையின் முடிவு

கலேதா தோர்தெலில் வண்டியை ஊருக்கு மேலே நிறுத்திவிட வேண்டும். கீழே தெருவே கிடையாது. 1955இல் அமைந்த இந்த ஊரில் வீடுகளை இணைப்பது சைப்ரஸ் பலகை நடைபாதைகளும் படிகளும். வாழ்ந்ததும் அந்த மரத்தை வைத்துத்தான்: வெட்டி, படகில் ஏற்றி, தெற்கே விற்று. சாலை வந்த பிறகும் வண்டியை ஊருக்குள் விடவில்லை. நல்ல காரியம்.

இங்கிருந்து படகில் ஹோர்ஹே மொன்ட் பனியாற்றுக்குப் போகலாம். 1898இலிருந்து 2011க்குள் அது சுமார் 19.5 கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. 2010 பிப்ரவரிக்கும் 2011 ஜனவரிக்கும் இடையில் மட்டும் ஒரு கிலோமீட்டர். பனியாறு ஆய்வாளர் ஆண்ட்ரெஸ் ரிவேரா குழுவினர் எதிரில் கேமரா வைத்து அதைப் படம்பிடித்தே காட்டினார்கள். பனியாற்றின் அடித்தளம் கடல் மட்டத்துக்கு மிகக் கீழே இருப்பதால், முகப்பு ஆழமான நீருக்குள் வந்ததும் தாங்கலின்றி உடைந்துகொண்டே போகிறது. பழைய வரைபடத்தில் பனி என்று போட்டிருக்கும் இடத்தில் இன்று படகு போகிறது. பனிக்கடியிலிருந்து வெளிப்பட்ட பழைய மரக்கட்டைகள், சில நூற்றாண்டுகளுக்கு முன் அங்கே காடு இருந்ததைக் காட்டின. பனி ஒருமுறை முன்னேறி, இப்போது திரும்பிப் போயிருக்கிறது.

எல்லாப் பனியாறும் ஒரே மாதிரி இல்லை. அதே தெற்குப் பனிப்புலத்தில் பியோ 11 பனியாறு, 20ஆம் நூற்றாண்டில் ஃபியோர்டின் குறுக்கே முன்னேறி எதிர்க்கரையை முட்டி, ஓர் ஆற்றின் வழியை மறித்து கிரேவே ஏரியை உருவாக்கியது. இதை எடுத்துக்காட்டிப் பருவநிலை மாற்றமே இல்லை என்று வாதிடுவோர் உண்டு. சுற்றியிருக்கும் பனியாறுகளில் மிகப் பெரும்பாலானவை சுருங்குகின்றன என்பதை அவர்கள் வசதியாக விட்டுவிடுவார்கள்.

தோர்தெல் பிரிவைத் தாண்டினால் புவேர்த்தோ யுங்காய். நான்காவது படகு மிட்செல் ஃபியோர்டைத் தாண்டி ரியோ பிராவோவில் இறக்குகிறது. அரசு நடத்தும் படகு, கட்டணம் கிடையாது. அங்கிருந்து 100 கிலோமீட்டரில் வில்லா ஓஹிகின்ஸ், சில நூறு பேர் வாழும் ஊர். அதற்கப்பால் 800 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள ஓஹிகின்ஸ் ஏரியும், அதற்குப் பின்னால் பனிப்புலமும். காரில் வந்தவர் வந்த வழியே திரும்ப வேண்டும். நடந்தோ சைக்கிளிலோ வந்தவர் மட்டும் ஏரியைப் படகில் தாண்டி, காட்டுப்பாதையில் எல்லை கடந்து அர்ஜென்டினாவின் எல் சால்தேன் வரை போகலாம். காற்று அடித்தால் அந்தப் படகும் நாட்கணக்கில் நிற்கும்.

காரில் வந்தவருக்கு ஒரு வழி இருக்கிறது. யுங்காயிலிருந்து புவேர்த்தோ நதாலேஸ் வரை ஃபியோர்டுகளுக்குள்ளேயே போகும் வாகனக் கப்பல், 40 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம். தோர்தெலிலும் புவேர்த்தோ ஏதேனிலும் நிற்கும். புவேர்த்தோ ஏதேன் கவேஸ்கர் மக்களின் கடைசிக் குடியிருப்பு. தலைமுறை தலைமுறையாகத் தோணியிலேயே அடுப்பு மூட்டி இந்தக் கால்வாய்களில் வாழ்ந்தவர்கள் அவர்கள். சாலை எங்கே முடியும் என்ற கேள்வியே அவர்களுக்கு எழுந்திருக்காது.

திட்டம் போடுகிறவருக்கு

எனக்குத் தெரிந்த முறை இதுதான். முதலில் யுங்காய் முதல் நதாலேஸ் வரையான கப்பல் தேதியைப் பிடியுங்கள். வாரத்துக்குச் சில நாள்தான் போகும். அதற்கு ஏற்ப ஓர்னோபிரேன் டிக்கெட்டைப் போடுங்கள். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு வாரம் இருக்கட்டும். கிலோமீட்டரை அதற்கப்புறம் பங்கு போட்டுக்கொள்ளலாம். வாடகை வண்டியை வேறு ஊரில் விடுவதற்கு எக்கச்சக்கமாகக் கேட்பார்கள். அர்ஜென்டினாவுக்குள் போக அனுமதிக் காகிதத்தையும் வண்டி எடுக்கும்போதே வாங்கிவிடுங்கள், ஏனென்றால் சாலை துண்டிக்கப்பட்டால் சுற்றுவழி அதுதான். வழியிலுள்ள கொக்ரேன் ஊரில் டேங்கை நிரப்பாமல் தெற்கே போகாதீர்கள். சான் ரஃபாயேல் படகுக்கு ஒரு நாள் கேட்டால் மூன்று நாள் ஒதுக்குங்கள். கடற்படையின் துறை அதிகாரி துறையை மூடிவிட்டால் எந்தப் படகோட்டியும் உங்களை ஏற்ற மாட்டார். ஏற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் படகில் ஏறாதீர்கள். டிக்கெட் வாங்கும்போதே, படகு கிளம்பாவிட்டால் பணம் திரும்ப வருமா, மறுநாள் இடம் தருவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.